ஓர் ஆடு, ஒரு பம்பர், ஐம்பது சதவிகிதம்!

எங்கள் வீட்டில் 'ஐம்பது' என்றால் யாருடைய வயதும் இல்லை. காரின் இன்ஷூரன்ஸ் தள்ளுபடி. என் கணவர் வருடக்கணக்காகப் பொத்திப் பொத்தி வளர்த்த ஐம்பது சதவிகிதம். போன தை மாதம், பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், ஓர் ஆட்டுக்காக அதைத் தொலைக்கப் பார்த்தேன் நான்.

நாங்கள் இருப்பது நெமிலியில். நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவருக்கு ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. வருகிற தோலை விரித்துப் போட்டுத் தரம் பிரிக்க வேண்டும். மாடு உயிரோடு இருந்தபோது முள்கம்பியில் கீறிக்கொண்டதையும், உண்ணி கடித்த புள்ளியையும் விரலால் தடவியே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் கையில் ஒரு காரைக் கொடுத்தால் என்ன ஆகும்? 2018 ஆவணியில் வாங்கிய வண்டி. பாலா கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதிலிருந்து ஒரு கீறல் விழாமல் வைத்திருந்தார்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்து நான்கு வயதில். ஆசைக்காக இல்லை. அத்தைக்கு மாதம் ஒருமுறை வேலூருக்குச் செக்கப் போக வேண்டும். முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி ஏற முடியவில்லை. இவருக்கு எக்ஸ்போர்ட் அவசரம் வந்தால் லீவு கிடைக்காது. எட்டுப் போட்டு, லைசென்ஸ் வாங்கி, காவேரிப்பாக்கம் வந்து நெடுஞ்சாலையைப் பிடித்து, வாலாஜா, ராணிப்பேட்டை தாண்டி வேலூர் வரை அத்தையைக் கூட்டிப்போய் வந்தேன். அத்தை வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "எங்க மருமக ஓட்டினா" என்று சொன்னதில் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடிப்போனது.

அந்தத் தை மாதத்து சாயங்காலம் பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பனப்பாக்கம் பக்கம் எங்கள் சாலைகள் இப்போது பழைய சாலைகளாக இல்லை. 2024 செப்டம்பர் 28-ம் தேதி பனப்பாக்கம் சிப்காட்டில் 9,000 கோடி ரூபாய் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதிலிருந்து மண் லாரியும் ஜல்லி லாரியுமாக நடமாட்டம் கூடிவிட்டது. எதிரே ஒரு லாரி. இடது பக்கப் புதரிலிருந்து ஓர் ஆடு. பிரேக் அடித்து ஸ்டீயரிங்கை ஒடித்தேன். வண்டி சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் மோதி நின்றது.

எனக்கு ஒன்றும் இல்லை. ஆட்டுக்கும் ஒன்றும் இல்லை. அது திரும்பிக்கூடப் பார்க்காமல் கருவேலங்காயை மேயப் போய்விட்டது. பம்பர் மட்டும் இடது பக்கம் பிளந்து தொங்கியது. ஹெட்லைட் உடைந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்து இவர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். "உனக்கு அடி ஒண்ணும் படலையே?" என்றுதான் முதலில் கேட்டார். அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் இரண்டாவது வாக்கியம், "க்ளெய்ம் போட்டா ஐம்பது போயிடுமே" என்பது. அது என்னிடம் சொன்னதுகூட இல்லை. பம்பரிடம் சொன்னது. எனக்கு அதுதான் வலித்தது.

அந்த ஐம்பது என்னவென்று தெரியாதவர்களுக்கு: காருக்கு நாம் கட்டும் இன்ஷூரன்ஸில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று தேர்ட் பார்ட்டி. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். 2022 ஜூனில் அரசு நிர்ணயித்த கட்டணப்படி, எங்களுடையதைப் போல 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு வருடத்துக்கு 3,416 ரூபாய். இதில் தள்ளுபடி கிடையாது. இன்னொன்று ஓன் டேமேஜ். நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கானது. 'நோ க்ளெய்ம் போனஸ்' என்கிற என்.சி.பி. இதற்கு மட்டும்தான்.

ஒரு வருடம் ஓன் டேமேஜ் க்ளெய்ம் எடுக்காவிட்டால் அடுத்த வருடம் 20 சதவிகிதம் தள்ளுபடி. தொடர்ந்து இரண்டு வருடம் என்றால் 25. மூன்று என்றால் 35. நான்குக்கு 45. ஐந்துக்கு 50. அதற்கு மேல் இல்லை. ஒரே ஒரு க்ளெய்ம் எடுத்தால் போதும், அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம். பரமபதம் மாதிரிதான். ஏணியில் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். பாம்பு கடித்தால் நேராகக் கீழே.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன் இதைக் கேட்டுவிட்டு, "அத்தை, இங்க இதுக்குப் பேரு ஆக்ஸிடென்ட் ஃபர்கிவ்னஸ். மொதல் விபத்தை மன்னிச்சு விட்டுடுவாங்க" என்றான். அங்கே விபத்து நம் தப்பு என்றால் பிரீமியத்தை ஏற்றுவார்கள். அந்த ஏற்றம் வேண்டாம் என்றால் இந்த மன்னிப்பு. சில கம்பெனிகளில் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், சில கம்பெனிகளில் நல்ல டிரைவருக்குச் சும்மாவே கிடைக்கும். நம் ஊரில் கணக்கே வேறு. இங்கே யார் மேல் தப்பு என்பது கேள்வி இல்லை. க்ளெய்ம் எடுத்தாயா என்பதுதான் கேள்வி. நிறுத்தி வைத்த வண்டியை யாரோ இடித்துவிட்டு ஓடிப்போனாலும், நாம் நம் பாலிசியில் ஓன் டேமேஜ் க்ளெய்ம் எடுத்தால் ஐம்பது போய்விடும்.

நம் ஊர் மன்னிப்புக்கு 'என்.சி.பி. புரொடெக்ட்' என்று பெயர். கூடுதலாக ஒரு தொகை கட்டினால், க்ளெய்ம் எடுத்தாலும் தள்ளுபடி அப்படியே இருக்கும். எங்கள் ஏஜென்ட் தம்பி முந்தின வருடமே அதைப் பற்றிச் சொன்னார். 600 ரூபாய், 18 சதவிகிதம் ஜிஎஸ்டி சேர்த்து 708. அப்போது இவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ஓட்டறது நான்தானப்பா. எனக்கு எதுக்கு அது?"

நான் அப்போதே லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது.

சரி, பம்பருக்கு வருவோம். க்ளெய்ம் என்றால் கம்பெனிக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும், யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அன்று ராத்திரி அரக்கோணம் டிங்கரிங் கடைக்கு போட்டோ அனுப்பி எஸ்டிமேட் வாங்கினோம். பம்பர் 4,000. ஹெட்லைட் 3,600. பெயின்ட் 1,600. கூலி 3,200. மொத்தம் 12,400 ரூபாய். அவர் பேச்சு எதுவும் இல்லாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பரீட்சைப் பேப்பர் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழுவதைவிடக் கணக்குப் போடுவது எனக்குச் சுலபம்.

முதல் கணக்கு: க்ளெய்ம் போட்டால் எவ்வளவு கிடைக்கும்? 12,400-ம் கிடைத்துவிடாது. பிளாஸ்டிக், ரப்பர் பொருட்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். பெயின்ட் பொருளுக்கும் பாதி. 'பம்பர் டு பம்பர்' என்று நாம் சொல்லும் ஜீரோ டெப்ரிசியேஷன் இருந்தால் இந்தக் கழிவு இல்லை. எங்கள் பழைய வண்டிக்கு அது இல்லை. ஆக பம்பருக்கு 2,000, ஹெட்லைட்டுக்கு 1,800, பெயின்ட்டுக்கு 800, கூலி முழுசாக 3,200. மொத்தம் 7,800. இதில் 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு நம் கைப்பணமாக 1,000 ரூபாய் கட்டாயம் போட வேண்டும். மிச்சம் 6,800.

இரண்டாவது கணக்கு: ஐம்பது போனால் எவ்வளவு நஷ்டம்? எங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன்னால் 8,000 ரூபாய். ஐம்பது இருந்தால் 4,000 கட்டினால் போதும். அது போனால் முதல் வருடம் 8,000 கட்ட வேண்டும், நஷ்டம் 4,000. அடுத்த வருடம் 20-க்கு ஏறுவோம், 50-க்கும் அதற்கும் இடைவெளி 30, நஷ்டம் 2,400. மூன்றாம் வருடம் 2,000. நான்காம் வருடம் 1,200. ஐந்தாம் வருடம் 400. ஆறாவது வருடம்தான் பழைய இடத்துக்கு வருவோம். கூட்டினால் 10,000. ஜிஎஸ்டியோடு 11,800.

இதில் ஒரு சுருக்கு வழி இருக்கிறது. 50, 30, 25, 15, 5. இவற்றின் கூட்டுத்தொகை 125. அதாவது ஐம்பதில் இருப்பவர் ஒரு க்ளெய்ம் எடுத்தால், தள்ளுபடி இல்லாத ஓன் டேமேஜ் பிரீமியத்தைப்போல ஒன்றேகால் மடங்கை, ஐந்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறார். வண்டியின் மதிப்பு வருடா வருடம் இறங்குவதால் இது சற்றுக் குறையலாம். ஆனால் உங்கள் பாலிசியை எடுத்து அந்த ஒரு எண்ணைப் பார்த்து ஒன்றேகாலால் பெருக்கிக்கொண்டால், க்ளெய்ம் போடலாமா வேண்டாமா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

6,800 வாங்க 11,800 கொடுப்பதா? இவர் சொன்னதுதான் சரி. க்ளெய்ம் போடவில்லை. சம்பளத்திலிருந்து 12,400-ஐக் கட்டினோம். அந்த மாதம் சீட்டுக்குப் பணம் புரட்டத் திணறியது தனிக் கதை.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மட்டும்தான். மனிதருக்கு அடிபட்டிருந்தால் பேனாவையே எடுக்கக் கூடாது. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு போலீஸ், இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று போய்விட வேண்டும். அது தேர்ட் பார்ட்டி பகுதி. ஐம்பதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'போனஸ் போய்விடும்' என்று பயந்து அதை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தப்பு மட்டுமல்ல, தெரியாத்தனமும்கூட.

கணக்கு முடிந்தது. வண்டியும் பத்து நாளில் புதுசு மாதிரி திரும்பி வந்தது. நான்தான் திரும்பி வரவில்லை. சாவி ஆணியில் தொங்கியது. நான் பஸ்ஸில் பள்ளிக்குப் போனேன். 'டயர்டா இருக்கு', 'பெட்ரோல் செலவு', 'டவுன் பஸ்ல இலவசம்தானே' என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். இவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஓட்டச் சொல்லவும் இல்லை. அவர் சொல்லாததை நானே 'நீ ஓட்டாமல் இருப்பதே நல்லது' என்று மொழிபெயர்த்துக்கொண்டேன்.

மாசிக் கடைசியில் அத்தையின் செக்கப் நாள் வந்தது. இவருக்கு ஷிப்மென்ட். "வாடகைக்கு கார் சொல்லிடலாம் அத்தை" என்றேன். அத்தை புடவை மாற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, இன்னாத்துக்கு வாடகைக் காரு? வாசல்ல நிக்கறது இன்னா?"

"பயமா இருக்கு அத்தை."

"நானும்தான் எத்தினி தபா கொழம்பத் தீய வுட்டிருக்கேன். அதுக்காக அடுப்புப் பக்கம் போவாமயா இருந்தேன்? இவனுக்கு யாரு சோறு போட்டது? போய் சாவிய எடுத்தா."

எடுத்தேன். அந்தப் பாலத்துக் கட்டைச் சுவர் வந்தபோது கை வியர்த்தது. இருபதில் உருட்டிக்கொண்டு போனேன். பின்னால் ஹாரன் அடித்தவர்களை அத்தை ஜன்னலைத் திறந்து கவனித்துக்கொண்டார். வாலாஜா டோல்கேட் தாண்டியபோதுதான் மூச்சை ஒழுங்காக விட்டேன்.

அன்று ராத்திரி இவரிடம் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு ஐம்பதைப் பத்தித்தான் கவலைப்பட்டீங்க இல்ல?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தழும்பு இருக்கற தோலை நாங்க தூக்கியா போடறோம்? டையைக் கொஞ்சம் திருப்பி வெச்சு வெட்டுவோம். தழும்பு உள்பக்கம் போயிடும். ஷூ நல்லாத்தான் வரும்" என்றார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் ஒருவர் இதைவிட நன்றாகக் கேட்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆடி பிறந்ததும் புதுப்பிக்கும் நேரம் வந்தது. அந்த 708 ரூபாயைக் கட்டலாமா? மறுபடியும் சிவப்புப் பேனா.

போன தடவையே அது இருந்திருந்தால் தைரியமாகக் க்ளெய்ம் போட்டு 6,800 வாங்கியிருப்போம், ஐம்பதும் இருந்திருக்கும். 6,800-ஐ 708-ஆல் வகுத்தால் ஒன்பதரைக்கு மேல். இதுமாதிரிச் சின்ன விபத்து பத்து வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் நடக்கும் என்றால் கட்டுவது லாபம். பெரிய விபத்து, எப்படியும் க்ளெய்ம் போட்டே ஆக வேண்டும் என்றால், மிச்சமாவது 11,800. அது பதினாறு வருடத்துக்கு ஒருமுறை வந்தாலே போட்ட காசு கிடைத்துவிடும். அதற்குக் குறைவாகத்தான் நடக்கும் என்றால் வீண்செலவு.

வாணியம்பாடியில் இருக்கும் என் அண்ணனிடம் வேண்டாம் என்றேன். மாதம் இரண்டு முறை கோயில், கல்யாணம் என்று எடுக்கும் வண்டி. மிச்ச நாள் ஷெட்டில்தான் தூக்கம். போன வருடம்தான் 20 சதவிகிதத்துக்கே வந்திருக்கிறார். இழக்க அதிகம் இல்லாதவர் காவலுக்கு ஆள் போட வேண்டாம்.

எங்கள் கதை வேறு. லாரி ஓடும் சாலையில் தினமும் போகும் வண்டி. இன்னொரு விஷயமும் இருந்தது. இந்த வண்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் புதுசு வாங்க இவருக்கு எண்ணம். என்.சி.பி. வண்டிக்குச் சொந்தமில்லை, வண்டிக்காரருக்குச் சொந்தம். பழைய வண்டியை விற்கும்போது கம்பெனியிடம் சான்று வாங்கிக்கொண்டால், மூன்று வருடத்துக்குள் வாங்கும் புது வண்டிக்கு அதைக் கொண்டுபோகலாம். புது வண்டியின் ஓன் டேமேஜ் பிரீமியம் 20,000 என்று வைத்தால், அதே ஐம்பதின் மதிப்பு ஒன்றேகால் மடங்கில் 25,000. (செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் கவனிக்க: விற்றவரின் போனஸ் உங்களுக்கு வராது.)

ஆனாலும் உடனே சரி என்று சொல்லவில்லை. ஏஜென்ட் தம்பியை உட்கார வைத்து, வகுப்பில் கேட்பதுபோல் கேட்டேன். வருடத்தில் எத்தனை க்ளெய்ம் வரை காப்பாற்றுவீர்கள்? வண்டி திருடுபோனாலோ மொத்தமாகப் போனாலோ இது பொருந்துமா? வேறு கம்பெனிக்கு மாறினால் இந்தச் சலுகை என்ன ஆகும்? பாலிசிக்குப் பாலிசி பதில் மாறும் என்பதால் வாயால் சொன்னதை ஏற்காமல், பாலிசியில் எழுதியிருப்பதைக் காட்டச் சொன்னேன். பாவம், வியர்த்துவிட்டது அவருக்கு.

இன்னொரு கேள்விக்கு அவர் நேர்மையாகவே பதில் சொன்னார். "தள்ளுபடியைக் காப்பாத்தறீங்க, சரி. பிரீமியத்தையே ஏத்திட்டா?"

"ஏத்தலாம்க்கா. அதுக்கு இது பொறுப்பில்ல."

ஆடித் தள்ளுபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ஐம்பது சதவிகிதம் என்று போர்டு அப்படியே இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் விலை மாறியிருக்கும். ஓன் டேமேஜ் பிரீமியத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்கின்றன. அதனால் ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்காமல் புதுப்பிக்கக் கூடாது. அதற்காகக் கெடுவைத் தாண்டவிட்டு யோசிக்கவும் கூடாது. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், க்ளெய்மே எடுக்காமல் ஐம்பதும் போய்விடும். கம்பெனி மாறும்போது க்ளெய்ம் எடுத்ததை மறைத்து 'எடுக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தால், பழைய கம்பெனியிடம் விசாரிப்பார்கள். பிறகு உண்மையான விபத்து வரும்போது ஓன் டேமேஜ் பணமே கிடைக்காமல் போகலாம்.

எல்லாம் பார்த்து, கட்டலாம் என்று முடிவு செய்தோம். வருடா வருடம் கட்டுவோமா என்றால், தெரியாது. ஒவ்வொரு ஆடிக்கும் மறுபடி வகுத்துப் பார்ப்போம்.

ஏஜென்ட் தம்பி போனில் விவரங்களைக் குறித்துக்கொண்டே இவரிடம் கேட்டார். "போன தடவ வேணாம்னு சொன்னீங்களே சார். ஓட்டறது நீங்கதானேன்னு."

நான் சமையலறையில் இருந்தேன். குக்கர் விசில் அடிக்கப் போகிறது. அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இல்லப்பா" என்றார் இவர். "ரெண்டு பேரும் ஓட்டறோம்."